பழக்காத சட்டியும் அம்மாவின் வெண்டிக்காயும்

புது மண்சட்டியில் முதல் தண்ணீர் விழும்போது ஒரு சத்தம் கேட்கும்... "ஸ்ஸ்ஸ்" என்று. வெயிலில் நடந்து வந்த ஆள் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு விடும் மூச்சுப் போல. கூடவே முதல் மழை வாசம்.

நேற்று அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்டேன். பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அப்போது யுத்த காலம். வெள்ளைக்காரன் ஆட்சி. அரிசி கூப்பனுக்குத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் வீட்டுக்காரர், ஹாஜியார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கூப்பன் அரிசி எங்கள் எல்லோருக்கும் காணாது. மிச்ச வயிற்றை நிரப்பியது பின்வளவில் அம்மா போட்ட தோட்டம்தான். வெண்டி, கத்தரி, பயற்றங்காய், ஒரு மூலையில் கீரை...

மழைக்கு எல்லாம் நன்றாக வந்தது. வெயில் காலம் தொடங்கியதும் வந்தது வினை.

கடல் மணல் அல்லவா? வாளி வாளியாக ஊற்றினாலும் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். கிணறோ அடி தெரிகிறது. முன்வீட்டுக்கும் எங்களுக்கும் அந்த ஒரு கிணறுதான். செடிக்கு அள்ளினால் உலைக்கு இல்லை.

வாடிய பாத்தியை ஹாஜியார் வந்து பார்த்தார்.

"தங்கச்சி, இந்த வெயில்ல இது சரிவராது. மண்ணெண்ண இல்லாம ஊரே விறகுக்கு அலையுது. நான் இதுல விறகு அடுக்கி விக்க ஒரு விறகுகாலை போடப் போறன்."

"ஹாஜியார், கொஞ்சம் பொறுங்கோ."

"சரி, நோம்பு பிறக்கிற வரைக்கும் பாக்கிறன். அதுக்குள்ள காய் கண்ணுல பட்டா வளவு உங்களுக்கு. இல்லாட்டி விறகுக்கு."

அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவோடு வேலை செய்த புத்தளத்து மனிதர் ஒருவர் வழி சொன்னாராம். தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் மண்சட்டியைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பிவிடுவார்களாம். சட்டி தன்பாட்டில் கசிந்து வேருக்குக் கொடுக்குமாம். ஒரு சொட்டும் வீண் போகாது.

அம்மா வண்டில்காரரிடம் புதுச் சட்டிகள் வாங்கினாள். அடுக்கி வைத்தாள். பிறகு செய்தாள் ஒரு வேலை...

எங்கள் அடுப்படியில் புதுச் சட்டியை அப்படியே எடுத்துப் புழங்குவதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, தேங்காய்ப் பூவும் எண்ணெயும் போட்டு வறுத்து, சட்டியைப் பழக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒழுகாது. அம்மா அந்தச் சட்டிகளையும் ஒன்று விடாமல் பழக்கினாள். கை பழகிய பழக்கம். யோசிக்கவே இல்லை.

செடிகளுக்கு நடுவில் புதைத்தோம். தண்ணீர் ஊற்றி, நுளம்பு முட்டை இடாமல் சிரட்டையால் மூடினோம்.

ஒரு கிழமை போனது. சிரட்டையைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் ஊற்றியபடி அப்படியே நிற்கிறது. செடி தலை தொங்குகிறது.

"செடிக்குக் குடிக்கத் தெரியேல்ல போல. போய் ஒருக்காச் சொல்லிக் குடுமன்" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணீரோடு வெளியே போய்விட்டார்.

ஹாஜியாரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சட்டிய எல்லாம் அடக்கம் பண்ணி வச்சீக்கிறீங்க? நான் யாசீன் ஓதவா?"

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. வெக்கை தாங்காமல் அடுப்படி மூலையில் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்திருந்தேன். அங்கேதான் குளிர்ச்சி. அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

"எழும்படி! பாவாடை முழுக்க ஈரம்! இந்தப் பானைக்குக் கீழ இருக்காத எண்டு எத்தின தரம் சொல்லுறது? அது கசியிற பா..."

அம்மா பாதியில் நிறுத்தினாள்.

பானையைத் தொட்டாள். வேர்த்திருந்தது. அந்தப் பானையைப் பழக்குவதில்லை, கசிந்தால்தானே தண்ணீர் குளிரும்! என் ஈரப் பாவாடையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஓர் அடி.

"அட கோதாரி... நானெல்லோ அதுகளைப் பழக்கிப் போட்டன்!"

அன்று பின்னேரமே சட்டிகளைத் தோண்டி எடுத்தாள். சாம்பலும் தும்பும் போட்டு உரஞ்சினாள். தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குவித்து நெருப்பு மூட்டி, பிடித்த எண்ணெய்ப் பசை எல்லாம் எரியும்வரை சட்டிகளை அதற்குள் வேகவிட்டாள். புகை முன்வீடுவரை போனது.

"விறகுகாலை வர முந்தியே நெருப்பா?" என்று ஓடிவந்தார் ஹாஜியார்.

"செத்த சட்டியளுக்கு உயிர் குடுக்கிறன், ஹாஜியார்!"

ஆறிய சட்டிகளைத் திரும்பப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினாள். "ஸ்ஸ்ஸ்..." விடியப் பார்த்தால் பாதித் தண்ணீர் இல்லை. கையால் கிளறினால் சுற்றி உள்மணல் கறுத்து ஈரமாகக் கிடந்தது. மேல் மண்ணோ காய்ந்தபடி.

செடி ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்தது. நோன்புப் பிறை கண்ட அன்று அம்மா ஒரு பெட்டி நிறைய வெண்டிக்காயும் பயற்றங்காயும் என்னிடம் கொடுத்து முன்வீட்டுக்கு அனுப்பினாள். ஹாஜியார் ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தார். டக்கென்று முறிந்தது.

"விறக வேற எங்கேயாவது போட வேண்டியதுதான். உம்மாட்டச் சொல்லு, வளவு அவங்கடதான் எண்டு."

மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தப் பெட்டி திரும்பி வந்தது, உள்ளே நோன்புக் கஞ்சிச் சட்டியோடு. அது நன்றாகப் பழக்கிய சட்டி, ஒரு சொட்டு ஒழுகவில்லை!

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றியது என் பாவாடைதான் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இப்போதும் வெள்ளவத்தைதான்... நாலாம் மாடி பிளாட். பேரனின் மனைவி பால்கனிச் செடிகளுக்கு பிளாஸ்டிக் குழாய் இழுத்து டைமர் வைத்திருக்கிறாள். தன்பாட்டில் சொட்டும், தன்பாட்டில் நிற்கும். கெட்டிக்காரி. நேற்று அவள் மீன் கறிக்கென்று இரண்டு மண்சட்டி வாங்கி வந்து பழக்கப் போனாள். சின்னதை நான் பறித்துக்கொண்டேன்.

"இதைப் பழக்காத, பிள்ளை. இது எனக்கு."

வெண்டிச் செடி நிற்கும் பெரிய சாடியில் அதைப் புதைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். அந்தச் சத்தம் வந்தது. நல்ல கடல்காற்று... சாடிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன் போல.

எழும்பிப் பார்த்தால் சாடிக்குக் கீழால் வடிந்து சேலை எல்லாம் ஈரம்.

ஏசுவதற்குத்தான் ஆள் இல்லை.