ரோஜாச் செடி முளைத்த பதுங்குகுழி

யாராவது நமக்கு நல்லது செய்யக் கிளம்பினால் எனக்குப் பயம். இருபது வருஷத்துக்கு முன்பு நடந்த கதை அப்படி!

எதிர்வீட்டு அருளப்பன் சார் ஒரு பழைய படத்தோடு வந்தார். சின்ன வயதில் அவரே வரைந்தது. தாம்பரத்தில் இருந்த ஒரு துரை பங்களா. பெரிய பெரிய தூண்கள், வளைந்த போர்ட்டிகோ... ஆனால் யுத்த காலம் அல்லவா? ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று வாசலில் ஆள் உயரத்துக்கு மணல் மூட்டை. ஜன்னல் கண்ணாடி சிதறாமலிருக்கக் காகிதப் பட்டை. தோட்டத்தின் நடுவே ஒரு பதுங்குகுழி.

சாருடைய அப்பா அங்கே டிரைவர். சாரின் மனைவி லில்லி ஆன்ட்டியின் அப்பா அங்கே சமையல்காரர். அபாயச் சங்கு ஊதினால் வேலைக்காரர் குடும்பங்கள் எல்லாம் அந்தக் குழியில் இறங்கிவிட வேண்டும்.

"அங்கதான் தம்பி லில்லிகிட்ட மொதல்ல பேசினேன்" என்றார் சார். இந்த வயதிலும் வெட்கம்!

பங்களாவை இடித்து ஃப்ளாட் கட்டியாயிற்று. மிச்சம் இந்தப் படம் ஒன்றுதான். ஐம்பதாவது கல்யாண நாளுக்கு அதை ஃப்ரேம் போட்டு ஆன்ட்டிக்குக் கொடுக்க சாருக்கு ஆசை. மார்க்கெட் பக்கம் பாஸ்கரின் ஃப்ரேம் கடையில் கொடுத்தோம்.

பாஸ்கர் டச்-அப்பில் கில்லாடி. போட்டோவில் கண்ணை மூடியவருக்குக் கண் திறந்து வைப்பார். சட்டை கிழிந்தவருக்குக் கோட் மாட்டிவிடுவார். பங்களாவை மட்டும் சும்மா விடுவாரா? மூட்டைகள் இருந்த இடத்தில் பெயிண்டால் பூந்தொட்டிகள். பதுங்குகுழியின் மேல்... ரோஜாச் செடி!

"கல்யாண நாளு படத்துல இன்னாத்துக்கு சார் குழியும் மூட்டையும்? அபசகுனமா கீதேன்னு நானே மூடிட்டேன். டச்-அப்புக்குக் காசு வாணாம் சார்!"

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எப்படித் திட்டுவது? சார் குழி இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வீட்டில் ஆன்ட்டி படத்தைப் பிரித்ததும் கேட்ட முதல் கேள்வி — "நம்ம குழி எங்கங்க?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். விஷயத்தை நான்தான் சொன்னேன். ஆன்ட்டி உள்ளே போய் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வரைஞ்ச கை இருக்கில்ல? மறுபடி வரைங்க."

ஃப்ரேமைக் கழற்றினோம். சார் ரோஜாச் செடிக்குப் பக்கத்திலேயே குழியை வரைந்தார். செடியை அழிக்கவில்லை. பாஸ்கர் மனசு நோகக் கூடாதாம்! குழிக்குள் இரண்டு தலைகள். ஒரு தலைக்கு ரெட்டைப் பின்னல்.

ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய படத்துல குழி காலியால்ல சார் இருந்துச்சு?" என்றேன்.

"அப்ப வரைய முடியுமா தம்பி? இவங்கப்பா சமையக்கட்டுல கத்தியோட நிப்பாரே!"

ஜப்பான்காரன் குண்டுக்காவது குழியில் ஒளியலாம்... மாமனாருக்குப் பயந்து எங்கே ஒளிவது?