அவள் ஓடவில்லை

முதல் அறிகுறி அரக்கோணம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் வந்தது. என் மகள் ஹேமாவதி அங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். திருத்தணியிலிருந்து காலை ரயிலில் போய், பாலத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஒரு திங்கட்கிழமை பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துவிட்டன, செத்துவிடுவேன் என்கிறாள் என்று அவளுடைய தோழி எனக்கு போன் செய்தாள்.

இசிஜி எடுத்தோம். ரத்தம், தைராய்டு, எல்லாம் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அதன் பிறகும் இரண்டு முறை வந்தது, இரண்டும் படிக்கட்டில். கடைசியில் மனநல மருத்துவரிடம் போனோம். இது பீதித் தாக்கு (ஆபத்து ஏதும் இல்லாதபோதே, உயிர் போகும் நிலையில் இருப்பதுபோல் உடல் திடீரென நடந்துகொள்வது) என்றார். சிறிய அளவில் மாத்திரை கொடுத்து, திருவள்ளூரில் உள்ள ஓர் உளவியலரிடம் அனுப்பினார். அந்த அம்மையார்தான் ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) என்ற சொல்லைச் சொன்னார்.

இதே சொல்லைக் கேட்டுவிட்டு நீங்களும் பயந்துபோயிருக்கலாம். நான் மேடையில் மயக்கிக் காட்டும் வித்தைக்காரர்களை நினைத்தேன். என் மனைவி சுமதி, பெண்ணுக்கு நினைவு தப்பிவிடுமோ என்று கேட்டாள். அப்படி எதுவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, மூச்சைக் கவனித்து, மனம் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் நிலை அது. எல்லாம் காதில் விழும். வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்துவிடலாம். அந்த நிலையில் பயந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நினைத்துப் பார்த்து, உடம்பு பதறாமல் இருக்கப் பழகுகிறார்கள். முறையாகப் படித்தவரிடம் மட்டும் போங்கள்.

சிறு வயதில் ஏதாவது நடந்ததா என்று உளவியலர் முதல் நாளே என்னைக் கேட்டார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ஆறு வயசுல மலைக்கோயிலுக்குக் கூட்டிம்போனேன் மேடம். படியில கைய உதறிட்டு ஓடிட்டா. கொரங்கு கடிச்சி, உருண்டு விழுந்துட்டா." அவர் குறித்துக்கொண்டார். பல வருடம் சொன்ன வாக்கியம். நாக்கு தடுமாறவில்லை.

எங்கள் வீட்டில் அது ஒரு கதையாகவே ஆகியிருந்தது. மோவாயில் ஐந்து தையல், தோளெலும்பில் விரிசல், வரிசையாக வெறிநாய்க்கடி ஊசி (குரங்கு கடித்தாலும் அதையே போடுவார்கள்) என்று சுமதி சொல்வாள். அவளுடைய தம்பி வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, "எங்க அந்த ஓடுகாலி? இன்னிக்கு எங்க ஓடப்போறா?" என்பான். எல்லோரும் சிரிப்போம். ஹேமாவும் சிரிப்பாள்.

நாலைந்து அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. உளவியலர் அறையிருந்த கட்டடத்தின் மாடிப்படியைத் தனியாகவே ஏறினாள். பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. பயம் குறைந்த இடத்தில் அழுகை வந்தது. என்ன கேட்டாலும், "நான் ஓடிருக்கக் கூடாது, என்னாலதான் அம்மா அன்னிக்கு அப்படி அழுதாங்க" என்றே சொன்னாளாம். அவளுடைய சம்மதத்துடன் உளவியலர் என்னை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். தான் அந்த நாளைத் தோண்டவில்லை, அவளாகவே சொன்னது இது என்றார்.

"ரொம்பத் துல்லியமா சொல்றா சார். மேல ஓடிக்கினு இருக்கேன், செருப்பு பட்டு பட்டுன்னு அடிக்குது, பின்னாலேருந்து நைனா கூப்பிட்டுக்கினே வராருன்னு."

அன்று அவள் காலில் செருப்பு இல்லை.

சுமதிக்கு வயிற்றில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, வெறுங்காலோடு படியேறி வருவதாக வேண்டுதல். அவளால் ஏற முடியாது என்பதால் நானும் குழந்தையும் நடந்தோம். அவள் தன் தம்பியோடு ஆட்டோவில் மேலே போய்விட்டாள். எங்கள் இருவரின் செருப்பையும் அடிவாரத்தில் பூக்கடையில் விட்டது நான். அந்த ஓட்டத்தில் செருப்புச் சத்தம் வர வழியே இல்லை. அந்த ஓட்டமே இல்லை.

நடந்தது இதுதான். பாதிப் படியில் ஹேமா உட்கார்ந்துவிட்டாள். கால் சுடுகிறது, தூக்கிக்கொள் என்றாள். வேண்டுதல், நடந்துதான் வர வேண்டும் என்றேன். அசையவில்லை. எனக்குக் கோபம். தேங்காய், வாழைப்பழப் பையை அவள் மடியில் வைத்து, "நீ இங்கியே கெட, நான் போறேன்" என்று ஏறிப்போய், மேலே ஒரு மண்டபத்தின் பின்னால் மறைந்துகொண்டேன். பயந்து வருவாள் என்று நினைத்தேன். அங்கே தெரிந்தவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். பேசத் தொடங்கினேன். பத்து நிமிடம் இருக்கும். அவள் அலறல் கேட்டுத்தான் திரும்பினேன். பழப்பைக்காக வந்த குரங்குகளிடம் அவள் பையை விடவில்லை. சாமிக்கு வைத்திருந்தது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

ரத்தத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சுமதியின் முகத்தைப் பார்த்தபோது, "கைய உதறிட்டு ஓடிட்டா" என்று என் வாயில் வந்தது. குழந்தை என் தோளில்தான் கிடந்தாள். அவளும் கேட்டாள்.

உளவியலரிடம் இவ்வளவையும் சொன்னேன். அறிதுயிலில் வருவதெல்லாம் நடந்ததன் படப்பிடிப்பு அல்ல, திரும்பத் திரும்பக் கேட்டதும் நினைவாகிவிடும், அதனால்தான் அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை என்று விளக்கினார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு வழி தோன்றியது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவள் கண்மூடியிருக்கும்போது, நீ ஓடவில்லை என்று நீங்களே மனதில் பதியவைத்துவிடுங்களேன், என் பெயர் வர வேண்டாமே என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "ஒரு தடவ நீங்க பதிச்சாச்சு. இன்னொரு தடவ என்னப் பதிக்கச் சொல்றீங்களா சார்?"

அடுத்த வாரம் அதே அறையில், கண் திறந்திருந்த மகளிடம் சொன்னேன். சுமதியும் இருந்தாள். நான் முடிக்கும்வரை ஹேமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நான் உன்ன உட்டுட்டுப் போன எடத்துலயே."

"நீ என்னப் பாத்துக்கினு இருந்தியா நைனா?"

பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "இல்ல. பேசிக்கினு இருந்தேன்" என்றேன்.

பிறகு, "ஓடுகாலின்னு மாமா கூப்புடும்போது நீயும் சிரிச்ச" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது சுமதி, "என்னாண்ட கூடவா பொய் சொன்ன?" என்று கேட்டாள். அன்றே தம்பிக்கு போன் செய்து அந்தப் பெயரை இனி எடுக்காதே என்றாள். காரணத்தைச் சொல்லும்படி போனை என்னிடம் நீட்டினாள். சொன்னேன்.

ஒன்றரை மாதம் ஹேமா என்னோடு பேசவில்லை. சிகிச்சையை விடவில்லை. நான் உண்மையைச் சொன்னதால் அவள் குணமானாள் என்று எழுதினால் அதுவும் இன்னொரு கதையாகிவிடும். மாத்திரையும் பயிற்சியும் அவளுடைய பிடிவாதமும் செய்த வேலை அது. இப்போது பெரும்பாலான நாட்கள் தனியாகவே பாலத்தைக் கடக்கிறாள். சில நாட்கள் முடியாமல் திரும்பி வருகிறாள். அழுவதில்லை.

என் உடம்புதான் மாறிப்போயிருக்கிறது. பேச வாயெடுத்தால் நெஞ்சில் ஏதோ குறுக்கே நிற்கிறது. எனக்கும் சோதனை எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. பதின்மூன்று வருடம் பழையதாக இருந்த அந்தப் பத்து நிமிடம் இப்போது எந்த நாளிலும் முடிவதாக இல்லை.

ஹேமா இப்போது பேசுகிறாள். நான் எது சொன்னாலும், "நெஜமாவா?" என்று ஒரு முறை கேட்கிறாள். குத்திக்காட்டவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் நான் அவசரப்படுவதில்லை. வெளியே மழையா என்று அவள் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய், கையை நீட்டி, உள்ளங்கையில் துளி விழுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து சொல்கிறேன்.