பதினான்கு வாத்தியங்களுக்கு இடம்

மின்கோ முப்பத்தொரு வருஷமாகக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். செவ்லியேவோ ஊர் வாசகசாலையின் பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா வாசிப்பவருக்கு அங்கேதான் இடம். மடியில் தூக்கி வைத்தால் பாதி முகம் மறைந்துபோகும் அளவுக்குப் பெரிய குழல் அது. மற்றவர்கள் பாட்டை வாசிப்பார்கள், மின்கோ அடியில் பூம் பூம் என்று அதைத் தாங்கிப் பிடிப்பார். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் வேலை. அங்கேயும் இதே கதைதான். வகுப்பறைகள் சூடாக இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை, என்றைக்காவது குளிர்ந்தால் மட்டும் தலைமையாசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இதிலெல்லாம் மின்கோவுக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆனால் ஐம்பத்தேழு வயதில் மனுஷனுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. சொந்தமாக ஒரு ரச்செனிட்சா எழுதவேண்டும். ஏழு எண்ணிக்கையில் ஓடுகிற ஆட்டப்பாட்டு. தக தக தகிட என்று ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பவர் காலும் சும்மா இருக்காது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பதினான்கு வாத்தியங்களுக்கும் எழுதி முடித்தார். எழுதியது கம்ப்யூட்டரில். பள்ளிக்கூடத்தில் புதுசு வாங்கியபோது கழித்துக் கட்டிய பெட்டிகளில் ஒன்றை மனைவி தோனாவின் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் சுரங்களை எழுதினால் அந்தந்த வாத்தியத்தின் குரலிலேயே வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருந்தது.

ஒன்பது வாத்தியம் வரைக்கும் பெட்டி சமர்த்தாக வாசித்தது. பத்தாவதைச் சேர்த்தால் திரையில் வட்டம் சுற்றும், உள்ளே எதுவோ கரகரவென்று உரசும், அப்புறம் சகலமும் அப்படியே உறைந்துவிடும். வாத்தியங்களின் ஒலியையெல்லாம் மெமரியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் அது வாசிக்கவேண்டும். இருந்ததோ இரண்டு ஜிபி. ஆகவே மின்கோ தன் பாட்டைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தார். கிளாரினெட்டுகள் ஒரு நாள், ட்ரம்பெட்டுகள் ஒரு நாள். டியூபாவைச் சேர்த்துக் கேட்கவே இல்லை. அதுதான் நமக்குத் தெரிந்த சமாச்சாரமாயிற்றே என்று விட்டுவிட்டார்.

குழுவை நடத்துகிற குஸ்மான் ராணுவ இசைக்குழுவில் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைப் பார்த்தே முழுப் பாட்டையும் காதுக்குள் கேட்டுவிடுவார். மின்கோ தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மூணு வாரம் டைம் தரேன். மூணாவது வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குக் கொண்டா, வாசிச்சுப் பாப்போம். ஆனா எங்க தப்பு காதுல விழுதோ அங்கயே நிறுத்திருவேன். நிறுத்திட்டா, இருபத்திநாலாந்தேதி எழுத்துத் திருநாள் ஊர்வலத்துக்குப் பழைய பாட்டுதான்."

மின்கோவுக்குத் தூக்கம் போயிற்று. முப்பத்தொரு வருஷம் பழகிய ஆட்களுக்கு நடுவே, தன் பாட்டு தன் தப்பாலேயே நடுவில் நிற்பதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டால் போதும்.

கடைவீதி கம்ப்யூட்டர்க்காரன் பெட்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இதற்குச் செலவு பண்ணாதீர்கள், புதுசாக வாங்கிவிடுங்கள் என்றான். புதுசின் விலைக்கு அந்த வருஷத்து விறகு மொத்தமும் வாங்கிவிடலாம். மின்கோ சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைத் தானே திறந்தார். ஒரு கை தூசி வந்தது. உள்ளே மெமரி மாட்டுகிற காடி இரண்டு; ஒன்றில் ரேம், ஒன்று காலி. ரேமின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, டிடிஆர் மூன்று ரகம் என்று கொதிகலன் அறை நோட்டில் குறித்துக்கொண்டார். மடிக்கணினிக்கு உள்ளது குட்டை, நமக்கு வேண்டியது நெட்டை. நான்கு நான்காக இரண்டு போட்டால் எட்டு ஜிபி, அதற்கு மேல் இந்தப் பெட்டி தாங்காது. இவ்வளவிலும் ஒரு வாரத்தில் தேறினார்.

பழைய சாமான் விற்கிற இணையதளத்தில் தேடியபோது மற்றவர்கள் கேட்பதில் பாதி விலைக்கு ஒருவர் இரண்டு ரேம் போட்டிருந்தார். நெட்டைதான், டிடிஆர் மூன்றுதான். மின்கோ உடனே வரவழைத்தார்.

கூரியர் அலுவலகத்தில் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். விற்பவர் சம்மதித்திருந்தால் அங்கேயே மாட்டிப் பார்க்கவும் செய்யலாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். காலில் செருப்பு மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, துளைக்கும் மெஷினைச் சொருகிச் சுவருக்கு நேரே நீட்டுபவர்களும் உண்டு. அன்றைக்கு மின்கோவுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். இவர் ரேமை இப்படியும் அப்படியும் திருப்பினார், விஷயம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார், பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மாட்டினால் திரை கருப்பு. பெட்டி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. அது பெரிய கம்பெனிகளின் சர்வரில் போடுகிற ரேம். காடியில் உட்காரும், வேலை செய்யாது. விற்றவரைக் கூப்பிட்டதற்கு, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று போனை வைத்துவிட்டார்.

தோனா கிண்டர்கார்டனில் சமையல்காரி. ஐம்பது பிள்ளைகளை அதட்டிச் சூப் குடிக்கவைத்துப் பழகிய வாய், சும்மா விடுமா?

"ஏன்யா, தர்பூசணி வாங்கப் போனா பத்துப் பழத்தையாவது தட்டிப் பாப்ப. சந்தையே உன்னப் பாத்துச் சிரிக்கும். இதுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு வெக்கம்?"

"அங்க மாட்டிப் பாக்கணும்னா கம்ப்யூட்டரயே தூக்கிட்டுப் போகணும் தோனா."

"அப்ப தூக்கிட்டுப் போ. வண்டி எங்கிட்ட இருக்கு."

இரண்டாவது பார்சல் ஸ்தாரா ஸகோரா ஊரிலிருந்து வந்தது. விலை கொஞ்சம் கூட. ஆனால் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று விற்பவரே எழுதியிருந்தார். அது வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. மறுநாள் ஒத்திகை.

மத்தியானம் மின்கோ பெட்டி, திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தோனாவின் வண்டியில் ஏற்றி, மேலே ஒரு போர்வையைக் கட்டித் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். எதிரே வந்த கசாப்புக் கடைக்காரர் வீடு மாறுகிறீர்களா என்று விசாரித்தார். அலுவலகத்தில் கவுன்ட்டர்க்காரப் பெண் சில்வேனா வண்டியைப் பார்த்ததும் காபி கெட்டிலைப் பிடுங்கிவிட்டுப் பிளக்கைக் காலி பண்ணிக் கொடுத்தாள். வரிசையில் எட்டு பேர். முன்னால் நின்றவள் ஜெர்மனியில் இருக்கும் மகனுக்கு மிளகாய் விழுது ஜாடிகள் அனுப்ப வந்திருந்தாள். மின்கோவின் காது சூடேறியது. இருந்தாலும் குனிந்து பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

இரண்டு ரேமும் டக், டக் என்று உட்கார்ந்தன. பித்தானை அழுத்தினார். பீப் இல்லை. திரை விழித்தது, எட்டு ஜிபி என்று காட்டியது.

"சரியா இருக்கா மாமா? கையெழுத்துப் போடுறீங்களா?" என்றாள் சில்வேனா.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு தடவை சூடு கண்டவர் திரையில் தெரிந்த எண்ணை மட்டும் நம்பத் தயாராக இல்லை. பாட்டைத் திறந்து பதினான்கு வாத்தியத்தையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டார்.

வட்டம் சுற்றவில்லை. கிளாரினெட்டுகள் ஓடின, அவற்றின் முதுகில் ட்ரம்பெட்டுகள் ஏறிக்கொண்டன, அடியில் முரசு. தக தக தகிட. இரண்டு குளிர்காலம் தலைக்குள் இருந்தது இப்போது வெளியே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கேட்டது. ஜாடிக்காரியின் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததை மின்கோ பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, நான் எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பகுதி வந்தது. அங்கே எதுவோ இடித்தது. சட்டென்று நிறுத்தினார். திரும்ப ஓடவிட்டார். திரும்பவும் இடித்தது.

"மாமா, மெமரி வேலை செய்யுதா இல்லயா?" சில்வேனா எட்டிப் பார்த்தாள்.

"மெமரி சரியா இருக்கும்மா. டியூபாதான் தப்பா இருக்கு."

முப்பத்தொரு வருஷம் வாசிக்கிற வாத்தியத்துக்கே தப்பாக எழுதியிருந்தார். டியூபா முதன்முதலாக நுழைகிற இரண்டு அடி பூராவும் ஒரு சுரம் கீழே. வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மின்கோ மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றபடியே திருத்தினார். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கப் போனவரை ஜாடிக்காரி தடுத்தாள்.

"பாதியில விட்டுட்டுப் போனா எப்படி? முதல்லருந்து போடுங்க. என் பையனுக்குச் சாப்பாடு பத்து நிமிஷம் லேட்டாப் போனா ஒன்னும் ஆயிடாது."

அன்றைக்குக் கூரியர் அலுவலகத்தில் ரச்செனிட்சா கடைசிவரை ஓடியது. யாரும் ஆடவில்லை, ஆனால் யாரும் வெளியேயும் போகவில்லை. மின்கோ கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை குஸ்மான் காகிதங்களை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கோலைத் தூக்கினார். முதல் பகுதி நிற்காமல் போயிற்று. கிளாரினெட்டில் மூச்சு இருந்தது, ட்ரம்பெட்டில் எச்சில் இருந்தது. பெட்டிக்குள் கேட்டதைவிடப் பெரிசாக, உயிரோடு இருந்தது. இரண்டாம் பகுதி தொடங்கி நாலு அடி போவதற்குள் குஸ்மானின் கோல் மேஜையைத் தட்டியது.

எல்லாம் நின்றது.

குஸ்மான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"பாட்டுல ஒரு குறையும் இல்ல. மின்கோ, டியூபா எங்கய்யா?"

மின்கோ குனிந்து பார்த்தார். குழல் மடியில் கிடந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததில் ஊதவே மறந்துபோயிருந்தார்.