பத்துப் பேருக்கு ஒரு கையெழுத்து

எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ராசி கிடையாது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர் ஒரு விரிவுரையாளர். மேற்படிப்புக்கென்று வெளிநாடு போனார், போனவர் போனவர்தான். அடுத்தவர் வங்கி ஊழியர். ஒரு திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவில்லை, மூன்று மாதம் கழித்து லண்டனிலிருந்து கடிதம் வந்ததாம். மூன்றாமவர் ஷெல் விழுந்து செத்துப்போனார். இதெல்லாம் மூத்த மாணவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தவை. தொண்ணூற்று மூன்றில் நான் அணியில் சேர்ந்தபோது நாலாமவர் இருந்தார். குருநகரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை, ஐம்பது வயதிருக்கும். மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். மாலையில் சைக்கிளில் வந்து சம்பளமில்லாமல் எங்களைப் பழக்குவார்.

அவருக்கும் எனக்கும் ஒத்துவராது. நான் பந்தைத் தட்டிக்கொண்டு தனியே ஓடிக் கூடைக்குள் போடப் பார்க்கிறவன். அவர் விசில் ஊதி நிறுத்துவார்.

“மிச்ச நாலு பேரும் உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்த மனிதர் ஒரு நாள்கூட வராமல் விட்டதில்லை. மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றினால் மதிலோரம் குந்தியிருந்துவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பந்து வெடித்தால் சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டிக்கொண்டு வருவார்.

அடுத்த வருடம் கொழும்பில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி வந்தது. குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால், அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். பாஸுக்கு ஓர் ஆள் பிணை நிற்கவேண்டும். போனவன் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. ஆளுக்கொரு பிணையாக வீட்டிலிருந்து கொண்டுவருவதுதான் வழக்கம். மாஸ்ரர் அதை மறித்தார். வீட்டில் போய்க் கேட்டால் பாதித் தாய் தகப்பன் விடமாட்டார்கள், அணி உடைந்துவிடும் என்று அவருக்குப் பயம். அணிப் பட்டியலில் கையெழுத்து வைப்பதைப்போலப் பத்துப் பேருக்கும் தானே பிணைக் கையெழுத்து வைக்க முடிவெடுத்தார். அதனால் அவர் எங்களோடு வரமுடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

படிவத்தோடு வந்த அன்று எங்களை வரிசையாக இருத்திவிட்டுச் சொன்னார்.

“வாற மாசம் கொழும்பிலை என்ரை மகளின்ரை கலியாணம். தாயும் மகளும் சண்டையிலை பாதை பூட்ட முன்னமே அங்கை போயிட்டினம். நீங்கள் பத்துப் பேரும் வந்து சேர்ந்தால்தான் எனக்குப் பாஸ். ஆருக்காவது அங்கை நிண்டுவிடுற யோசினை இருந்தால் இப்பவே சொல்லுங்கோ. கோவிக்கமாட்டன்.”

ஜேர்மனியில் இருந்த என் அண்ணை, என்னைத் தன்னிடம் எடுப்பிக்கக் கொழும்பு ஏஜென்சிக்காரனோடு எல்லாவற்றையும் கதைத்து முடித்திருந்தார். போட்டி முடிந்ததும் நான் கொழும்பிலேயே நின்றுவிடவேண்டும். அணியில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். முடிச்சு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. மாஸ்ரர் கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம். எதிரணிப் பயிற்சியாளர் நாங்கள் இருந்த வாங்கைப் பார்த்துவிட்டு உங்கள் கோச் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊரில் நிற்கிறார் என்றோம். நாலாம் நாள் காலை மற்றவர்கள் புறப்பட, எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். அணித் தலைவன் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். நெற்றி குளிர்ந்திருந்தது.

“மாஸ்ரருக்கு என்னெண்டு சொல்ல?”

“ரெண்டு நாளிலை வாறன் எண்டு சொல்லு.”

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மாஸ்ரர் சொல்லியிருந்த கலியாணத் திகதியும் கோயிலும் எனக்கு ஞாபகம் இருந்தன. ஏஜென்சிக்காரன் இழுத்தடித்ததால் அன்றைக்கும் நான் கொழும்பில்தான் இருந்தேன். ஒரு பெடியன்தானே வரவில்லை, எப்படியோ மன்றாடிப் பாஸ் எடுத்திருப்பார், கண்ணால் பார்த்தால் நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்து அந்த மாதா கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். ஓகன் வாத்தியச் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழும்பி வாசலைப் பார்த்தோம். மகள் ஒரு மெலிந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவர் தாய்மாமனாம், பக்கத்திலிருந்தவர் சொன்னார். நான் வாங்கு வாங்காக மாஸ்ரரைத் தேடினேன், காணவில்லை.

பூசை முடிந்து நழுவப் பார்த்தபோது தாய் என்னை மறித்து, ஆர் தம்பி நீங்கள் என்று கேட்டார். மாஸ்ரரின் அணியில் விளையாடினேன் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல அந்த நேரம் வாய் வரவில்லை. அவரது முகம் மலர்ந்தது.

“திரும்பிப் போய்ப் பிறகும் பாஸ் எடுத்து வந்தனீங்களோ? அவரைத்தான் விடேல்லை. ஆரோ ஒரு பெடியன் திரும்பிப் போகேல்லையாம். எவன் எண்டு அவர் எழுதேல்லை. அவனுக்கு அங்கை என்ன கஷ்டமோ, திட்டாதை எண்டு எழுதினவர்.”

நான் தலையாட்டினேன்.

“எப்ப திரும்பிப் போறியள்?”

“வாற கிழமை.”

உள்ளே போய் மெழுகுத்தாளில் சுற்றிய இரண்டு கேக் துண்டுகளோடு வந்தார்.

“ஒண்டு உங்களுக்கு. மற்றதை அவரின்ரை கையிலை குடுத்துவிடுங்கோ. மகள் தன்ரை கையாலை வெட்டினது எண்டு சொல்லுங்கோ.”

ஓம் என்று வாங்கினேன். லொட்ஜுக்குத் திரும்பும்போது, பஸ்ஸுக்குள் இருந்து இரண்டையும் நானே தின்று முடித்தேன்.