பயற்றுப் புத்தகத்தில் மூன்று லட்சம்

கேரளத்து வடகரையில் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறவர் கணாரன். எட்டு வருடங்களுக்கு முன் வீட்டுப் பத்திரத்தைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, தம்பி பவித்ரன் பஹ்ரைன் போக மூன்று லட்சம் கொடுத்தார். கூடப் பிறந்தவனிடம் எழுதி வாங்குவது கேவலமாகப் பட்டது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மனைவி ரோகிணியைத் தவிர யாருக்கும் தெரியாது.

தம்பி திரும்பி வந்து மாடி வீடு கட்டினான். கேட்டபோதெல்லாம் சிரித்தே நழுவினான். வட்டி ஏறி, வீடு ஏலத்துக்கு வந்தபோது அவனே ஒரு யோசனை சொன்னான்.

"ஒரு பயற்று வைங்க ஏட்டா. அன்னிக்குக் கொண்டாந்து தர்றேன்."

பயற்று என்பது பணமுடையில் ஒருவர் ஊரைக் கூப்பிட்டு வைக்கும் தேநீர் விருந்து. வருகிறவர்கள் தேநீர் குடித்துப் பணம் வைப்பார்கள். அவர்கள் பயற்று நடத்தும்போது, வாங்கியவர் அதை இரட்டிப்பாகத் திருப்பி வைக்க வேண்டும். தவறியவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவரும் போக மாட்டார்கள். கணாரன் இதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை.

சனிக்கிழமை பயற்று; திங்கட்கிழமை வங்கிக் கெடு. தம்பி தனியே கூப்பிட்டுக் கொடுப்பான் என்று காத்திருந்தார். அவனோ நேராகப் பயற்றுப் புத்தகம் எழுதும் செக்கோட்டியின் மேசையில் பணக் கட்டை வைத்தான்.

"எழுதிக்குங்க. பவித்ரன், மூணு லட்சம்."

கூட்டம் அசந்துபோனது. "எனக்கும் ஒரு தம்பி இருக்கானே, அவல் தின்ன மட்டும் வருவான்," என்றார் ஒருவர்.

கணாரன் தம்பியின் காதருகே குனிந்தார். "இது பயற்றுப் பணம் இல்லடா. என் பணம்."

"அப்படின்னு எதுல எழுதியிருக்கு, ஏட்டா?" தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "மீன மாசம் என் பயற்று. ஏட்டன்தான் முதல்ல வரணும்."

மீன மாதம் ஆறு லட்சம். பணத்தைத் தள்ளினால் திங்கட்கிழமை வீடு போகும். உண்மையைச் சொன்னால், தம்பி வைத்த பயற்றுப் பணத்தைப் பழைய கடன்பாக்கி என்று சாதிப்பவன் என்று ஊர் பேசும். உள்ளறைக் கதவருகே நின்ற ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

கணாரன் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். சரியாக இருந்தது. தலையசைத்தார்.

செக்கோட்டி எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அவசரத்தில் முப்பதாயிரம் என்று எழுதியிருந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு; இரட்டித்தாலும் அறுபதாயிரம்தான். கணாரன் அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்தார்.

"ஒரு சைபர் விட்டுப்போச்சு செக்கோட்டியேட்டா," என்றார். "போடுங்க."