அக்கா சொல்லாத வார்த்தை

அக்கா வக்கீல் ஆபீசுக்கு வந்த அன்று காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. காட்டூரில் பிறந்த வீட்டிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவள், என் கம்ப்யூட்டருக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் பேச ஆரம்பித்தாள். பெரியம்மாவின் மகள் அவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் அப்போது திருச்சியில் ஒரு வக்கீலிடம் மனுக்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். கட்சிக்காரர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, டைப் செய்து ஐயாவின் மேஜையில் வைக்க வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் என் நடையில் எனக்குக் கர்வம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அக்காவை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். காவிரிக் காற்று வரும் தெருவில் பெரிய வீடு. "அவர் அடிச்சதில்ல, குடிச்சதில்ல. தப்பா ஒரு வார்த்தை பேசுனதில்ல. ஆனா அந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுடி" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவோடு போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பகலில் படுக்கையறைக் கதவைச் சாத்தக் கூடாது. கல்லூரி நூலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைக் கல்யாணமான மூன்றாம் மாதமே விடச் சொல்லிவிட்டார்கள். காட்டூருக்குப் போக வேண்டும் என்றால் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியாக இருந்தால் கணவரே கூட்டிவந்து, கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, கையோடு திரும்பக் கூட்டிப்போவார். பெரியப்பா காய்ச்சலில் கிடந்தபோதும் அதே ஒரு மணி நேரம்தான். எந்த மாதம், யார் இருந்தார்கள், என்ன பேச்சு வந்தது என்று எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. என் நோட்டில் நான்கு பக்கம் நிரம்பியது.

அந்த நான்கு பக்கத்தை நான் என்ன செய்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது. விவாகரத்து மனு கதைபோல இருக்கக் கூடாது என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தேன். போன், கதவு, காய்ச்சல் எல்லாம் சில்லறை விஷயங்களாக எனக்குப் பட்டன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவளுடைய 'மூச்சு முட்டுது'க்கு ஈடாக, அந்த வீட்டின் சூழல் மனுதாரருக்கு 'சஃபகேட்டிங்' ஆக இருந்தது என்று கம்பீரமான ஒரு வாக்கியம் எழுதினேன். ஐயா மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, இங்கிலீஷ் நல்லா இருக்கும்மா என்றார். கையெழுத்து வாங்கும்போது அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"நான் சொன்னதெல்லாம் இதுல இருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்ள வந்துடுச்சுக்கா."

அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

சமரசப் பேச்சு, வாய்தா என்று ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு குறுக்கு விசாரணை வந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் ஐயாவின் பின்னால் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாதவர், ஒவ்வொரு கேள்வியிலும் 'அம்மா' போட்டுத்தான் பேசினார். வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்டார். ஆறு என்றாள் அக்கா. ஆறும் திறக்குமா என்றார். திறக்கும் என்றாள். ஆஸ்துமா உண்டா, மூச்சுக்கோளாறுக்கு எந்த டாக்டரையாவது பார்த்தீர்களா, யாராவது வாயையோ மூக்கையோ பொத்தினார்களா? எல்லாவற்றுக்கும் இல்லைங்க, இல்லைங்க என்றே சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. அப்புறம் அவர் என் வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். அந்தச் சொல்லுக்குக் காற்றில்லாமல் மூச்சடைத்துச் சாவது என்று அர்த்தம் என அகராதியைக் காட்டினார்.

"காத்து இருந்துச்சு, ஜன்னல் இருந்துச்சு, நோயும் இல்ல. அப்புறம் எப்படிம்மா மூச்சடைச்சுது?"

 அக்கா என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"அந்த வார்த்தை நான் சொல்லலைங்க" என்றாள்.

மனுவில் உள்ள அந்தச் சொல் தன்னுடையது அல்ல என்று சாட்சி ஒப்புக்கொண்டதாக அது பதிவாயிற்று. ஐயா எழுந்து, அப்படியானால் நீங்கள் சொன்னது என்ன என்று கேட்டார். அக்கா போனைப் பற்றி ஆரம்பித்தாள். மனுவில் இல்லாததை இப்போது புதிதாகச் சொல்ல முடியாது என்று எதிர்த்தரப்பு தடுத்தது. நீதிபதியும் சட்டப்படி அதுதான் சரி என்றார். அந்த நான்கு பக்கமும் என் பையில் இருந்த நோட்டில்தான் இருந்தது. பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க முடியாத இடம் அது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். சாவது என்பது முதல் அர்த்தம். நெருக்கடியால், சுதந்திரம் இல்லாமல் தவிப்பது என்று இரண்டாவது அர்த்தமும் அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. அந்தப் பெரியவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். ஆத்திரமாக வந்தது. ஆனால் எத்தனை நேரம் அவர்மேல் ஆத்திரப்படுவது? மூச்சு முட்டுகிறது என்று யாராவது சொன்னால் நம் ஊரில் ஜன்னலை எண்ண மாட்டார்கள். முட்டுகிறது என்றால் மூச்சு உயிரோடுதான் இருக்கிறது, வெளியே போக வழியில்லாமல் மோதிக்கொண்டிருக்கிறது. நான் எழுதிய சொல்லில் மூச்சே நின்றுபோயிருந்தது. அவள் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதியிருக்கலாம். அந்தக் கோர்ட்டில் தமிழ் மனுவையும் வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியாததா?

கொடுமை நடந்ததற்குக் குறிப்பிட்ட சம்பவம் எதுவும் சொல்லப்படவில்லை என்று மனு தள்ளுபடி ஆனது. அப்பீல் போகலாம் என்றார் ஐயா. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ஸ்ரீரங்கத்துக்கும் திரும்பவில்லை. காட்டூரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். விவாகரத்தும் இல்லாமல் சேர்ந்து வாழவும் இல்லாமல் மூன்று வருஷம் போயிற்று. பிறகு அவர்கள் வீட்டிலிருந்தே ஆள் வந்தது. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்திருந்தார்கள். இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனு போட்டால் போதும், காரணம் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனுவையும் நான்தான் டைப் செய்தேன். இரண்டே பக்கம். அவர்களுக்கு வேண்டியபோது ஒரு ஜன்னலைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

இப்போது நான் வேறு ஆபீசில் இருக்கிறேன். பெண்கள் வந்து மூச்சு முட்டுது என்று சொன்னால், எப்போ, எந்த ரூம்ல, யார் இருந்தாங்க என்று கேட்டு அப்படியே எழுதுகிறேன். மனு நீளமாகிறது என்று இங்குள்ள வக்கீல் அலுத்துக்கொள்கிறார். சுருக்கும்மா என்கிறார். சில நாள் சண்டை போட்டு ஜெயிக்கிறேன். சில நாள் அவரே பேனாவால் வரிகளை அடித்துவிடுகிறார்.

போன மாதம் அக்கா என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கோர்ட்ல ஏன்க்கா என்னைக் காட்டிக்குடுக்கல?"

"காட்டிக்குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? உனக்கு வேலை போயிருக்கும்" என்றாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"என்மேல கோபம் இல்லையா?"

இல்லை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"இருக்குடி" என்றாள். "இன்னும் போகல."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். உடனே எழுந்து போகவில்லை.