கம்பம்மெட்டில் ஒரு மலையாளப் பலகை

கம்பம்மெட்டு தாண்டியதும், காய் எடுக்கப் போகும் பெண்களை இறக்கிவிட ஏலத்தோட்ட வாசலில் எங்கள் ஜீப் நிற்கிறது. வேலியில் புதிதாக ஒரு மலையாளப் பலகை தொங்குகிறது. கங்காணி இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா அக்காவின் கர்ப்பிணி மருமகள் ரூபி முதல் ஆளாகத் தோட்ட மேட்டில் ஏறிவிட, அக்கா என்னிடம் திரும்புகிறார்.

“மலையாளம் நல்லாப் பேசுவேன், எழுத்துதான் தெரியாது. நீ படிச்ச பிள்ளதான, என்ன போட்டிருக்கு?”

பேருந்துப் பலகைகளுக்காக எழுத்தை மட்டும் கற்றவள் நான், பொருள் தெரியாது. தவறாக வாசித்துவிடுவேனோ என்ற அச்சத்துடன் எழுத்துக் கூட்டுகிறேன்.

“கீட... நாசினி... தளிச்சு. கயறருது.”

அவர் முகம் மாறுகிறது.

“பூச்சிமருந்து அடிச்சிருக்காங்க, உள்ள ஏறக் கூடாதாம். ஏ ரூபி, செடியத் தொடாத, கீழ வா.”

ஏலச்செடிகளுக்குள்ளிருந்து ரூபி மெல்ல இறங்கி வருகிறாள். நனைந்த இரு கைகளையும் வயிற்றில் படாமல் அகல விரித்துப் பிடித்திருக்கிறாள்.